திரும்பி வருவதாகச் சொன்னவர்

"உங்கள் பொறியாளர் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதனால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன். ஆறு பேர் இருக்கிறோம்." மெல்பர்னில் எங்கள் அரசு அலுவலகத்துக்கு வந்த ஒரு கடிதத்தின் மூன்று வரிகள் இவை. மூலம் வேறு மொழி. நான் பார்த்தது ஆங்கில மொழிபெயர்ப்பை. எழுதியவர், போரில் பாதி இடிந்துபோன ஒரு துறைமுக நகரின் பம்ப் நிலையப் பொறுப்பாளர். அவர் இட்ட தேதிக்கும் எங்கள் அலுவலக முத்திரையின் தேதிக்கும் இடையே பத்தொன்பது நாட்கள். கோப்பு இன்னும் பொதுப்பார்வைக்குத் திறக்கப்படவில்லை. ஆகவே நகரத்தின் பெயரையும் தேதிகளையும் விட்டுவிட்டுக் கிழமைகளை மட்டும் சொல்கிறேன்.

அப்போது ஆஸ்திரேலியா ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாட்டில் சண்டை ஓய்ந்ததாக அறிவித்திருந்தார்கள். எங்கள் பெரிய கூட்டாளி நாடு மறுசீரமைப்புப் பணிக்குத் தன் ஆட்களை அனுப்ப விரும்பாமல், எங்களைத் தலைமை ஏற்கச் சொன்னது. விமானங்களும் பாதுகாப்பும் அவர்களுடையவை. பெயரும் பொறுப்பும் எங்களுடையவை. பதில் சொல்லுமுன் நேரில் பார்த்துவர நான்கு பேரை அனுப்பினார்கள். குடிநீர் நிலையைப் பார்க்கப் போனவர் எங்கள் மூத்த பொறியாளர். வன்னியிலிருந்து அகதியாக வந்து, இங்கே மறுபடி முதலிலிருந்து படித்துப் பட்டம் வாங்கி, ஸ்பிரிங்வேலில் குடியிருந்தவர். நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து தங்கிவிட்டவள். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. அந்த மாடியில் தமிழ் பேசுபவர்கள் நாங்கள் இருவர்தாம். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். "அண்ணே எண்டால் ஆரோ கடைக்காரனைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு தங்கச்சி. அண்ணை எண்டு சொல்லும்" என்பார். நான் திருத்திக்கொள்ளவே இல்லை.

திரும்பி வந்ததும் அவர் எழுதிய அறிக்கை பதினோரு பக்கம். கடைசிப் பக்கத்தில் பரிந்துரை: தலைமை ஏற்க வேண்டாம். அதற்கான காரணங்களைக் குழாய், மின்சாரம், பாதை என்று பொறியியல் சொற்களில் அடுக்கியிருந்தார். வன்னியில் உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வரிசையாகக் கிளம்பிப் போனபோது, போகவேண்டாம் என்று சனம் வாசலில் குந்தியிருந்ததை அவர் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார். "தலைமை எண்டால் கடைசியா வெளிக்கிடுறவன் எண்டு அர்த்தம். எங்களாலை அது ஏலாது. மற்றவன்ரை பிளேனிலை போனவன் மற்றவன் கூப்பிடேக்கை திரும்பத்தான் வேணும்."

கடிதம் வந்தது ஒரு திங்கட்கிழமை. அவர் மேசைக்கு நானே கொண்டுபோனேன். இரண்டு முறை படித்தார். தான் அப்படி ஒரு வாக்கும் கொடுக்கவில்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, விடைபெற்ற நாளை முதலிலிருந்து சொன்னார்.

நடந்தது இதுதான். பம்ப் நிலையத்தின் வாசலில் கைகுலுக்கி விடைபெறும்போது, எந்த வாசலிலும் அவர் வாய் சொல்லும் "போட்டு வாறன்" என்பதையே அங்கே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். ஈப்போவானாலும் வன்னியானாலும் எங்களில் யாரும் வாசலில் நின்று போகிறேன் என்று சொல்வதில்லை. சாவு வீட்டிலிருந்து மட்டும் சொல்லாமல் கிளம்புவோம். அருகில் நின்ற மொழிபெயர்ப்பாளர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். இவர் போய்விட்டுத் திரும்பி வருவார் என்றார். பொறுப்பாளர் இவருடைய கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாராம். அது அந்த ஊர் வழக்கம் என்று இவர் நினைத்திருக்கிறார்.

"வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன், தங்கச்சி. அந்த மனுசன் அதை நம்பிக்கொண்டு இருக்குது."

புதன்கிழமை, அமைச்சரவைக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டிய எங்கள் குழுவின் கூட்டம். அந்த நகரின் வடக்கு ஓரத்தில் மறுபடி எறிகணை விழத் தொடங்கியிருந்தது. பொறியாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: யாரும் வரமாட்டார்கள், காத்திருக்காமல் வெளியேறுங்கள் என்று அந்த மனிதருக்கு ஒரு வரி எழுத அனுமதி வேண்டும். தலைவராக இருந்த அம்மையார் கல்நெஞ்சர் அல்லர். ஆனால் அமைச்சரவை முடிவெடுக்கும்வரை எதுவும் போகக்கூடாது என்றார். வரமாட்டார்கள் என்று எழுதினால் அதுவே முடிவை அறிவித்தது ஆகும். ஒருவர், அப்படியானால் தலைமையை ஏற்றுவிடுவோம், பொறியாளரின் வாக்கும் பலித்துவிடும் என்றார். சிலர் சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வெரிபீ ரயிலில் அன்று அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன். கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதினால் போதும். தயங்கிக்கொண்டிருந்த குழு அவர் பக்கம் சாய்ந்திருக்கும். மாற்றிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். மாற்ற வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். வியாழக்கிழமை அவர் இறுதிப் பிரதியைக் கொடுத்தார். ஒரு சொல்லும் மாறவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்ததைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "என்ரை வாய்ச்சொல்லைக் காப்பாத்த ஊரார் பிள்ளையளை அங்கை அனுப்பேலாது."

அவருடைய கோரிக்கை கூட்டக் குறிப்பில் இல்லை. நான் எழுதியிருந்தேன். நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் தன் சொந்தக் கைபேசியிலிருந்து மொழிபெயர்ப்பாளருக்குச் செய்தி அனுப்பினார். நான் வரமாட்டேன், அவரிடம் சொல்லுங்கள், எல்லோரும் வெளியேறுங்கள். அது விதிப்படி குற்றம் என்று தெரிந்தேதான் அனுப்பினார்; என்னிடமும் காட்டினார். பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்த நிலவர அறிக்கையில், பம்ப் நிலையம் ஞாயிறன்று தாக்கப்பட்டு முற்றிலும் அழிந்தது என்று ஒரு வரி இருந்தது. உள்ளே எத்தனை பேர் என்று இல்லை. அதற்கு ஒன்பது நாள் கழித்து அரசு அறிவித்தது: ஆஸ்திரேலியா பங்கேற்கும், தலைமை ஏற்காது. பிறகு வேறு எந்த நாடும் தலைமை ஏற்க முன்வரவில்லை.

தான் அனுப்பிய செய்தியைப் பற்றிப் பொறியாளரே மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டார். இப்போதும் சில சனிக்கிழமைகளில் ஸ்பிரிங்வேல் சந்தையில் அவரையும் மனைவியையும் பார்க்கிறேன். கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பார். விடைபெறும்போது "போறன்" என்பார். "என்னப்பா இது, வாறன் எண்டு சொல்லுங்கோவன்" என்று மனைவி என் முன்னாலேயே கடிந்துகொள்வார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார்.

மொழிபெயர்ப்பாளரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. வேறொரு நாட்டில் இருக்கிறார். என் கேள்விக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் எழுதினார். செய்தி சனிக்கிழமையே கிடைத்ததாம். அன்று மாலையே பம்ப் நிலையத்துக்குப் போய்ப் படித்துக் காட்டினாராம். பொறுப்பாளர் மறுப்பாகத் தலையை ஆட்டிவிட்டு, அந்த மனிதர் நேரில் சொன்னதுதான் உண்மை, இது யாரோ எழுதச் சொன்னது என்றாராம். இதைச் சொல்பவர் இவர் ஒருவர்தான். உறுதிப்படுத்த இரண்டாவது சாட்சி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அதனால் பொறியாளரிடம் சொல்லவும் இல்லை.