இடப்பக்கத்து மூன்று கண்ணாடிகள்

தரையிலிருந்து இருக்கை வரை ஒன்பதரை அங்குலம். 2006 ஆகஸ்டில் ஒரு காலை, என் காரை டேப் வைத்து அளந்து டைரியில் குறித்துக்கொண்டேன். கூடத்தில் அத்தா, அதாவது என் அப்பா, உட்காரும் நாற்காலி பதினெட்டு அங்குலம். இடையில் இருந்த எட்டரை அங்குலம்தான் அந்த ஆண்டு எங்கள் வீட்டின் பிரச்சினை.

ஆனி மாதம், விருதுநகரில் பருப்பு மூட்டைகள் அடுக்கிய எங்கள் கிட்டங்கியில் அத்தா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மதுரையில் அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். முழங்காலைவிடத் தாழ்ந்த எதிலும் உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். என்னிடம் இருந்ததோ இரண்டே இருக்கையும் துணிக் கூரையும் ஃபைபர் உடம்பும் கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஐந்து வருடங்களுக்கு முன், வெளிநாடு கிளம்பிய ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியது. அத்தா அதில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறார். இறங்கியதும், "கார்னா உக்காந்து போவாக. இது பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டே போற மாதிரில்ல இருக்கு! லாரி டயரெல்லாம் என் காதுக்கிட்ட உருளுது" என்றார்.

எனக்கு வேலை சிவகாசி அச்சகங்களில், தினசரி காலண்டர்களின் தேதிகளைச் சரிபார்ப்பது. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி மூன்றும் ஒரே தாளில் ஒன்றோடொன்று முட்டாமல் நிற்க வேண்டும். வாரத்தில் நான்கு நாள் அந்தச் சிவப்புக் காரில்தான் சிவகாசி போய்வந்தேன். அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஓட்டத்தில் கியரைக் குறைத்தால் சைலன்சரில் 'டப்' என்று வெடிக்கும். வாங்கிய புதிதில் ஒரு நாள், பட்டாசு ஆலைகள் சூழ்ந்த திருத்தங்கலில் அப்படி வெடித்தது. வேறு ஊராக இருந்தால் ஆட்கள் திரும்பி வண்டியைப் பார்த்திருப்பார்கள். இங்கே வானத்தைப் பார்த்தார்கள், புகை எந்தப் பக்கம் எழுகிறது என்று. குழாயடியிலிருந்து இரண்டு பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். கடை வாசலில் இருந்த பெரியவர் என்னிடம் வந்து, "வண்டியா இது? இந்த ஊருக்குள்ள எங்க ஈரக்கொலையில கை வைக்காம ஓட்டுங்க" என்றார். அதன்பின் ஊருக்குள் நுழைந்தால் கியரைத் தொடாமல் ஊர்ந்து போகக் கற்றுக்கொண்டேன்.

அத்தாவுக்கு வாரம் இரண்டு நாள் மதுரையில் உடற்பயிற்சி சிகிச்சை. முதல் நாளே சிகிச்சை தரும் அம்மாவிடம், "பெருநாள் தொழுகைக்கு என் நெத்தி தரையில படுமா?" என்று கேட்டார். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதுகொண்டிருந்தார். அந்த அம்மா காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "தவறாம வந்தா படும்" என்றார். வெளியே வந்ததும் அத்தா என் கையைப் பிடித்தார். "தவறாமன்னு சொன்னாகளே, கேட்டியா?"

கேட்டேன். ஆனால் தவறியது. அந்த ஆண்டு தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்துக்குள் வந்தன. பட்டாசு சீசன் உச்சத்தில் இருந்ததால் வாடகைக் கார்களெல்லாம் வெளியூர் வியாபாரிகளை ஏற்றிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக அலைந்தன. முதல் மாதத்திலேயே இரண்டு தடவை வண்டி வருவதாகச் சொல்லி வரவில்லை. சிவப்புக் காரை விற்றுவிட்டு, அந்தப் பணத்துக்குள் நான்கு பேர் உட்காரும் பழைய கார் ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தவன் ஏதோ ஒரு காரை வாங்கியிருக்கலாம். காரியாபட்டியில் ஒரு வியாபாரி டீசல் கார் ஒன்றை விற்பதற்கு வைத்திருந்தார். உயரம் சரி, கதவு அகலம் சரி. ஓட்டிப் பார்த்தேன். மிதித்தால் யோசித்துப் பார்த்துப் பதில் சொன்னது. நான் பெரிய வேகக்காரனில்லை. ஆனால் லாரியை முந்தும் அந்த ஐந்து நொடியில் காலும் இன்ஜினும் ஒரே எண்ணத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. மதுரையில் ஒரு கல்லூரி மாணவரிடம் வேகமான சின்னக் கார் ஒன்று இருந்தது. சைலன்சரை மாற்றி, குழாயைப் பெரிதாக்கி வைத்திருந்தார். அதைக் கேட்டதுமே திருத்தங்கல் குழாயடி நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டேன்.

மூன்றாவது, சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலை உரிமையாளரின் கார். 2002-இல் வாங்கியது, சாம்பல் நிறம், ஆயிரத்து அறுநூறு சிசி பெட்ரோல் இன்ஜின், சின்ன உடம்பு. இந்த மாதிரிக் கார்களை எங்கள் பக்கம் யாரும் சீண்ட மாட்டார்கள். "மைலேஜ் எம்புட்டு?" என்பது முதல் கேள்வி, பதிலைக் கேட்டதும் ஆள் இருக்க மாட்டார். அதனால்தான் அது என் கைக்கு எட்டும் விலையில் நின்றது. இருக்கை இருபது அங்குலம். ஒரு சுற்று ஓட்டினேன். இரண்டாவது கியரில் மிதித்தபோது டேஷ்போர்டில் வைத்திருந்த பேனா பின் இருக்கைக்குப் போய்விட்டது. சைலன்சரோ மூச்சுவிடவில்லை.

அங்கேயே பேசி முடித்திருக்க வேண்டும். என் தொழில் விடவில்லை.

ஒவ்வொரு கார்க் கண்ணாடியின் மூலையிலும் ஒரு சின்ன முத்திரை இருக்கும். அதில் செய்த வருடத்தின் கடைசி இலக்கமும், மாதத்துக்குச் சில புள்ளிகளும் இருக்கும். டயரில் வாரமும் வருடமும் இருக்கும். சீட் பெல்ட்டின் அடியில் ஒரு துணிச்சீட்டு இருக்கும். ஒரு பழைய கார் எனக்குக் கிழிக்கப்படாத காலண்டர் மாதிரி. முன் கண்ணாடியில் 2. பின் கண்ணாடியில் 2. வலப்பக்கம் முழுக்க 2. இடப்பக்கம் முன்கதவில் 4. பின்கதவில் 4. அதற்குப் பின்னால் இருந்த சின்ன முக்கோணக் கண்ணாடியிலும் 4. மூன்றிலும் அதே புள்ளிகள்.

உரிமையாளர் அண்ணாச்சி, கம்பெனி அலுவலகத்தில் இரண்டு போன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, வண்டி இடப்பக்கம் அடிபட்டதா?"

"இல்லையே பாய். ஒரு கீறல் இருக்காது, பாருங்க."

"மூணு கண்ணாடி மாத்தியிருக்கே."

அவர் போனை எடுத்தார். அது மணி அடிக்கவில்லை. "பழசாச்சு, மாத்துனோம்" என்றார்.

இரண்டு வருடத்தில் கண்ணாடி பழசாகுமா? அதுவும் ஒரு பக்கம் மட்டும்? விருதுநகர் மெக்கானிக்கை அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் கதவுகளை விரலால் தட்டிக்கொண்டே போனார். போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமில்லை, பெயின்ட் கார்க் கம்பெனியில் அடித்ததேதான், எங்கும் வெல்டிங் இல்லை. "தகரத்துல ஒரு சுருக்கம் இல்லை. கண்ணாடி மட்டும் எப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியலை" என்றார். அவர் இன்னொன்றையும் காட்டினார். உள்ளே இருக்கையிலும் டேஷ்போர்டிலும் நான்கு வருடத்துக்கு மிஞ்சிய தூசி, வெயில் வெளுப்பு. எப்போதும் கண்ணாடிகளை இறக்கியே நிறுத்திய வண்டி போல. ஏசி உள்ள காரை ஏன் அப்படி நிறுத்த வேண்டும்?

வீட்டில் அத்தாவிடம் சொன்னேன். முதல் நாள் அவரும் ஆர்வமாகத்தான் கேட்டார். "கல்யாண வீட்டுச் சண்டையில கல்லெறிஞ்சிருப்பாகளோ?" என்றார். கல் என்றால் மூன்றும் உடையுமா என்று நான் யோசித்தேன். கண்ணாடிக் கடையில் விசாரித்தேன். யார் மாட்டியது என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு சிகிச்சை நாட்கள் தவறிப்போயின. அடுத்த வாரம் நான் மறுபடி கண்ணாடிக் கதையை எடுத்தபோது அத்தா கால் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஏலே, நீ வண்டி வாங்கப் போறியா, அதுக்கு வரலாறு எழுதப் போறியா?"

"தெரியாம எப்படித்தா வாங்குறது?"

"அதெல்லாம் தெரிஞ்சு முடியுறதுக்குள்ள என் காலு கட்டையாப் போயிரும்."

மறுநாள் சிவகாசிக்குப் போய் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். அண்ணாச்சி தன் டிரைவரை என்னோடு அனுப்பினார். ஐம்பது வயதிருக்கும், அந்தக் காரை முதல் நாளிலிருந்து ஓட்டியவர் அவர்தான். நான் ஓட்ட, அவர் இடப்பக்கம் உட்கார்ந்தார். ஊர் தாண்டியதும், "மூணாவதுல இன்னும் இழுங்க பாய், வெக்கப்படாதீக. இது கேக்கும்" என்றார். இழுத்தேன். கேட்டது. இருவரும் சிரித்தோம். ஒரு புளியமர நிழலில் நிறுத்தியதும் அவர் பழக்கத்தில் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். பின்னால் கை நீட்டி மற்றவற்றையும் இறக்கினார். முகத்தைத் திருப்பியபோதுதான் அவர் இடக் கன்னத்தைப் பார்த்தேன். கடுகு சிதறியது போல வெள்ளைப் புள்ளிகள், காதுவரைக்கும். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் இடக் கன்னம் எந்தக் கண்ணாடிகளைப் பார்த்திருக்கும் என்று கணக்குப் போட நேரமாகவில்லை.

"அண்ணே, கண்ணாடி உடைஞ்சப்போ நீங்க உள்ளயா இருந்தீங்க?"

அவர் சட்டென்று கையை உயர்த்தினார். "சீசன்ல அந்தப் பேச்சு பேசக் கூடாது பாய். கம்பெனியில சம்பளம் வாங்குற எவனும் பேச மாட்டான். அண்ணாச்சியும் சொல்ல மாட்டாரு, நானும் சொல்ல மாட்டேன். தீபாவளி முடியட்டும், வீட்டுக்கு வந்து மொத்தமும் சொல்றேன்."

"அதுவரைக்கும் எங்க அத்தாவோட கால் காத்திருக்காதேண்ணே."

"அப்ப வாங்கிட்டுப் போங்க. வண்டியில குத்தம் இல்லை. உங்களை ஏமாத்துனா இந்தக் கன்னத்துலயே அறைங்க."

மீதி வழி முழுக்க எனக்குள் ஒரு காலி கட்டம் உறுத்திக்கொண்டே இருந்தது. தேதி தெரியாவிட்டால் அந்தத் தாளையே அச்சுக்கு அனுப்பாத ஆள் நான். தீபாவளிவரை காத்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். அதற்கு நான்கு நாள் கழித்துப் பெருநாள். அத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

அன்று மாலையே பேசி முடித்தேன். சாவியைக் கொடுக்கும்போது, அண்ணாச்சிக்குக் கேட்காதபடி டிரைவர் என்னிடம், "கம்பெனிப் பக்கம் எங்கன நிறுத்துனாலும் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு நிறுத்துங்க. ஏன்னு கேக்காதீக" என்றார். பாதி அப்போதே புரிந்துவிட்டது. மீதியைக் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சூலக்கரைப் பக்கம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றும் வேலையை முடித்துவிட்டு அத்தாவை மதுரைக்கு அழைத்துப் போனேன். முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார். என் கை தேவைப்படவில்லை. நான்கு வழிச்சாலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த மண்மேடுகளுக்கு நடுவே லாரிகளை முந்தினோம். சிகிச்சை அம்மா அவர் காலை மடக்கிப் பார்த்து முகம் சுளித்தார். "எத்தனை தடவை விட்டீங்க?" தேதிகளோடு சொன்னேன். அவற்றைப் பிழையில்லாமல் சொல்ல முடிந்தது எனக்குப் பெருமையாக இல்லை. அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை, நோன்பு நாட்களிலும்.

தீபாவளிக்கு மறுநாள், நோன்பு திறக்கும் நேரத்தில், டிரைவர் ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றார். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து உட்காரவைத்தோம். அவர் பெட்டியை அத்தாவிடம் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

2004-இல் ஒரு மழை நாள். ஆலைக்கு வெளியே, வேலியை ஒட்டிக் காரை நிறுத்தி, சாரலுக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே கண்ணயர்ந்திருக்கிறார். "சாப்பாட்டு மணி அடிச்சு ஆளுக எல்லாம் வெளிய வந்தாச்சு. மருந்து ரூம் வெடிச்சப்போ உள்ள ஒரு ஆள் கிடையாது. அதான் பாய் அதுல பெரிய விசயம். சத்தம் எனக்குக் கேக்கவே இல்லை. மடி நிறையக் கல்கண்டு கொட்டுன மாதிரி இருந்துச்சு. அப்புறந்தான் ரத்தம் பார்த்தேன். பக்கத்துல கண்ணாடி இறக்கி நின்ன லோடு வேனுக்கு ஒண்ணும் ஆகலை. வெடிச்ச காத்து அதுபாட்டுக்கு உள்ள போய் அந்தப் பக்கம் வெளிய போயிருச்சு."

"என்ன தேதிண்ணே?"

"அது யாருக்குத் தெரியும்? பேப்பர்லயே வரலை."

நான் எழுந்து போய் டார்ச் அடித்து இடப்பக்கக் கண்ணாடியின் புள்ளிகளை மறுபடி எண்ணினேன். கண்ணாடி செய்த மாதம்தான் தெரியும். உடைந்த நாள் அதை ஒட்டிய ஏதோ ஒன்று. திரும்பி வந்தபோது அத்தா டிரைவரிடம், "இவன் இப்படித்தான். நீங்க இன்னொரு கிண்ணம் ஊத்திக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெருநாள் காலை, தொழுகை மைதானத்துக்கு அத்தாவை அந்தக் காரில் அழைத்துப் போனேன். டிக்கியில் நாற்காலி இருந்தது. வரிசையின் ஓரத்தில் அதை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். தொழுகையில் பக்கவாட்டில் பார்க்கக் கூடாது. பார்த்தேன். முதல் ரக்அத்தில், அதாவது தொழுகையின் முதல் சுற்றில், அத்தா நாற்காலியைத் தொடாமல், ஒரு கையை ஊன்றி மெதுவாக இறங்கினார். நெற்றி பாயில் பட்டது. எழும்போது முடியவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துத்தான் எழுந்தார். இரண்டாவதிலும் அப்படியே.

தொழுது முடித்ததும், "பட்டுச்சு, பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்த்தா."

எழும்போது பிடித்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கண்ணாடிகளைப் பற்றிக் கேட்டு அலைந்ததில் போன அந்த நாட்கள் என் டைரியில் தேதியோடு இருக்கின்றன. தெருவில் யாரோ மிச்சப் பட்டாசைக் கொளுத்தினார்கள். நான்கு கண்ணாடிகளும் இறங்கி நின்ற காரில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கால்களை உள்ளே எடுத்தபடி, "அந்த நாற்காலியை மறக்காம எடுத்துப் போடு" என்றார் அத்தா.