கிளியனூரில் இறங்காதவர்

புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய்விட்டுத் திண்டிவனம் திரும்பிய பேருந்தில் நிற்கவும் இடமில்லை. கணவர் கையில் பைகள், என் இடுப்பில் மூன்று வயது மகள். காலையிலிருந்தே என்னை ஒட்டிக்கொண்டு படுத்தினாள். எனக்கோ எரிச்சல்.

"கிளியனூர் வரைக்கும் புள்ளைய இப்டி குடுங்க" என்று இருக்கையிலிருந்தவர் கை நீட்டினார். அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். கிளியனூர் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

திண்டிவனத்தில், "ஏங்க இறங்கல?" என்று கேட்டேன்.

"எழுப்ப மனசு வரலம்மா. கத்தார்லேர்ந்து லீவுல வந்திருக்கேன். என் பொண்ணு இத்தினி நாளா என்னைப் போன்லயே பாத்துக்கினு இருந்தவ. லீவே முடியப்போவுது, இன்னும் கிட்ட வர மாட்டேங்குறா."

சொல்லிவிட்டு, திரும்பிப் போகும் பேருந்தைத் தேடி நடந்தார்.

விழித்த மகள் பழையபடி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பகலெல்லாம் "இறங்குடி" என்று விலக்கிய நான், வீடு சேரும்வரை அவளை இறக்கவேயில்லை.