கால் என்னுது, பதிலும் என்னுது

போன வருடம் மழைக்காலத்தில், ஆம்பூரில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்தேன். ஷூ தைக்கிற வேலை எனக்கு. காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் படத்தைப் பார்த்த டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என் கணவரிடம் மட்டும் பேசினார். எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். உடம்பு நம்முடையது, விஷயம் மட்டும் வீட்டு ஆம்பளைக்கு.

வெளியே வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல, சத்துக் குறைவு" என்றார். அன்றிலிருந்து எனக்கு ராஜ உபசாரம். வேலைக்குப் போகக் கூடாது. ஆலங்காயத்திலிருந்து நாத்தனார் வந்து கட்டிப்பிடித்து அழுதாள். சத்துக் குறைவுக்கு யாராவது இப்படி அழுவார்களா? ராத்திரியானால் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி விசும்புவார். நான் தூக்கம் வராமல் புரளுவேன்.

ஸ்கேன் எடுத்துக்கொண்டு வேலூரில் பெரிய எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் ஒரு பெண். அங்கேயும் கணவர், "நீ வெளிய இரு" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ!

"கால் என்னுது. நான் எங்கியும் போகமாட்டேன்" என்று நாற்காலியில் அழுத்தி உட்கார்ந்துவிட்டேன்.

"தொடை எலும்புல ஒரு திட்டு தெரியுது. ராத்திரில வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர், "ரொம்ப ஜாஸ்தி மேடம். பொட்டுத் தூக்கமில்ல, விடிய விடியப் புரள்றா" என்றார். டாக்டர் முகம் மாறியது. எலும்பில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்.

"மேடம், எனக்கு வலியே கிடையாது. விழுந்த வலி ரெண்டே நாள்ல போயிடுச்சு. இவரு பக்கத்துல படுத்து அழுதுனு இருந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் அதோடு விடவில்லை. தொடையை அழுத்திப் பார்த்தார், நடக்கச் சொன்னார், ஸ்கேனை மறுபடி நிதானமாகப் பார்த்தார்.

"எலும்பு இருக்க வேண்டிய இடத்துல நார் மாதிரி வளர்ந்திருக்கு. சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கும். கேன்சர் இல்ல. இப்போதைக்குக் கத்தி வேணாம். சில மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பாக்கலாம். நடுவுல வலி வந்தா உடனே வாங்க" என்றார், என்னைப் பார்த்து.

கேன்சர் என்ற பேச்சே அப்போதுதான் முதல்முறையாக என் காதில் விழுந்தது; ஆம்பூர் டாக்டர் கணவரிடம் மட்டும் சொன்ன சந்தேகம் அதுதான். கணவர் அங்கேயே வாய்விட்டு அழுதார். அவர் மேல் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

மறுபடி எடுத்த படத்திலும் திட்டு அப்படியே இருந்தது. நான் மெஷினுக்குத் திரும்பி வெகு நாளாகிறது. இப்போதெல்லாம் சாதாரண ஜுரத்துக்குப் போனாலும் டாக்டர் எதிரில் இருக்கும் நாற்காலி எனக்குத்தான். என் மேல் உயிரையே வைத்திருப்பவராக இருந்தாலும் சரி, எனக்கு வலிக்கிறதா இல்லையா என்பதை இனி இன்னொருவர் சொல்ல விடமாட்டேன்.