ரெஜிபோம் வளைவும் குசுகுசுச் சண்டையும்

சூடான கம்பி ரெஜிபோமுக்குள்ள, அதான் அந்த வெள்ளத் தெர்மாகோல் அட்டைக்குள்ள, இறங்குறப்ப ஒரு மணம் வரும்... கருகுன மணம், கூடவே தலைவலி. இன்னைக்கும் எங்கயாவது அது அடிச்சா நான் கண்டி டவுன்ல, மரியதாஸ் அண்ணனோட டெக்கரேசன் கடையில நிக்கிறேன். என்னோட முதல் வேல அது.

அண்ணன் அம்பிட்டிய ஆளு, சர்ச்சுக்குப் போற வேதக்காரர். ஒரு கிறிஸ்மஸ் நேரம் சர்ச் கல்யாணம் ஒன்னுக்கு கோதிக் வளைவு செஞ்சோம். ரெண்டு ஆள் உசரம்... உச்சி கூரா, கைகூப்பின மாதிரி. ரெண்டு பக்கமும் கலர் கண்ணாடித்தாள் ஜன்னல், பின்னால பல்பு.

"இதுக்குக் கீழ நின்னா கண்ணு தானா மேல போகும், வாய் தானா மூடும்"னு அண்ணன் பீத்திக்கிட்டாரு. எனக்கு சிரிப்பு. வெறும் ரெஜிபோம்ங்க அது!

தை மாசம் தெல்தெனியல ஒரு சடங்கு வீடு, பொம்பளப் பிள்ள பெரியவளான விசேசம். புதுசா செய்ய அண்ணனுக்கு சோம்பல். சிலுவைய கழட்டினாரு, அதே இடத்துல ஒரு கலசத்த கோணலா ஒட்டினாரு. "முடிஞ்சுது, இந்து ஆயிருச்சு"ன்னாரு.

மண்டபத்துக்குப் போனா, பிள்ளையோட அம்மா மூலையில அழுதுகிட்டு இருக்காங்க. மடுல்கெல்லயில இருக்குற தாய்மாமனுக்கு பத்திரிகைய நேர்ல வைக்காம தபால்ல அனுப்பிட்டாங்களாம். அவரு சீர் வைக்காம சடங்கு எப்படி நடக்கும்?

"எங்கண்ணன் இன்னைக்கு கோவிச்சுக்கிட்டுப் போனா அவ்வளவுதான் தங்கச்சி... ஆயுசுக்கும் பேச மாட்டாரு"ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னாங்க.

மாமன் வந்தாரு. கேட்லயே ஆரம்பிச்சாச்சு. "தபால்லயா அனுப்புறீங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?" நாதஸ்வரமே நின்னுபோச்சு.

அதே வேகத்துல வளைவுக்குக் கீழ வந்தாரு... மேல பாத்தாரு. மூஞ்சில நீலமும் செவப்புமா வெளிச்சம். மனுசன் செருப்ப கழட்டிட்டாரு!

அப்புறம் குசுகுசுன்னு, "தபால்லயாடி... அனுப்புற...?"

பிள்ளையோட அம்மாவும் குசுகுசுன்னு, "மண்சரிவுண்ணே... பஸ் ஓடல..."

மண்டபமே காத தீட்டிக்கிட்டு இருக்கு. பின்னால ஒருத்தர், "என்னா சொல்றாங்க?"ன்னு கேக்க, பக்கத்துல இருந்த ஒரு கெழவி, "ஸ்ஸ்ஸ்! சண்ட நடக்குது, சத்தம் போடாதீங்க"ன்னு அதட்டுறாங்க.

கொஞ்ச நேரத்துல மாமனுக்கே தாங்கல. "ஏன்டி நாம இப்படிப் பேசுறோம்?"

"நீங்கதானேண்ணே ஆரம்பிச்சீங்க..."

சிரிச்சாரு பாருங்க... சிரிச்சுக்கிட்டே கண்ண தொடச்சாரு. சீர் தட்டு உள்ள வந்துச்சு. எனக்கும் அழுக வந்துருச்சு.

இப்ப மண்டபமெல்லாம் LED. போன மாசம் என் மக கல்யாணம். கார்டுல அவன் பேர கீழ போட்டுட்டேன்னு எந்தம்பி சண்டைக்கு வந்தான். மேல பாக்க ஒன்னுமில்ல, பின்னால லைட்டு குத்தாட்டம் போடுது. அவன் கத்த, நான் அவனுக்கு மேல கத்த... மாப்பிள வீடு பூரா வேடிக்க பாத்துச்சு. இன்னைக்கு வரைக்கும் பேச்சு இல்ல.

கடைய மூடுனப்ப அந்த வளைவோட உச்சித் துண்ட அண்ணன் எனக்குத்தான் குடுத்தாரு. நேத்து தூசி தட்டி வாசக்கதவுக்கு மேல மாட்டிட்டேன். கலசம் இன்னும் கோணலாத்தான் நிக்குது.

தம்பி, நீ இத வாசிப்பேன்னு எனக்குத் தெரியும். வாடா. சண்ட போடத்தான் வர்றேன்னாலும் வா...

செருப்ப மட்டும் வாசல்ல கழட்டிட்டு வா.