செவ்வாய்க்கிழமை வந்த அலுமினியத் தட்டு

ஆர்டிஸ் ஹாகனின் பின்வாசல் படியில் ஒரு ஹாட்டிஷ், கறியும் காயும் சூப்பும் சேர்த்து ஓவனில் வேகவைத்த ஒரு தட்டுச் சாப்பாடு, வந்து உட்கார்ந்திருந்தது. நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணி. மேலே மூடியிருந்த தாளைத் தொட்டால் இன்னும் சூடு இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கொடுத்த புண்ணியவதியை வாழ்த்திவிட்டு உள்ளே எடுத்துப் போயிருப்பார்கள். ஆர்டிஸ் தட்டைத் தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்த்தாள். பேர் இல்லை.

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் எந்தப் பெண்ணும் தன் பாத்திரத்தை அனாதையாக வெளியே அனுப்ப மாட்டாள். அடியில் பேர் எழுதி ஒட்டித்தான் அனுப்புவாள். அதுகூடப் போகட்டும். இது கண்ணாடிப் பாத்திரமே இல்லை, சாப்பிட்டுவிட்டுத் தூக்கி எறிகிற அலுமினியத் தட்டு. அது எந்த மாதிரி வீட்டுக்குப் போகும் என்று ஆர்டிஸுக்கு நன்றாகத் தெரியும். சர்ச் சமையலறையில் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவளே அவள்தான். சாவு விழுந்த வீட்டுக்கும் பெரிய நோய் வந்த வீட்டுக்கும் மட்டும் அலுமினியத் தட்டு. பாவம், அவர்கள் பாத்திரம் கழுவித் திருப்பிக் கொடுக்கும் தொல்லையாவது இல்லாமல் இருக்கட்டும் என்று.

அவள் வீட்டில் யாரும் சாகவில்லை. அவளுக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. மீதி இருப்பது ஒரே ஆள், அவள் புருஷன் ஓரின்.

ஓரின் ஐந்தரைக்கு வந்தான். தட்டைப் பார்த்தான்.

"யாராவது ஜாஸ்தியா பண்ணியிருப்பாங்க" என்றான்.

"இந்த ஊர்ல எவ ஜாஸ்தியா பண்ணுவா? மிஞ்சினா ஃப்ரீசர்ல போடுவா, இல்லன்னா நாய்க்குப் போடுவா."

"அப்போ நம்மள நாய்னு நெனச்சிருக்காங்க. போடு, பசிக்குது."

பசிக்கிறது என்றவன் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு முள்கரண்டியை வைத்துவிட்டான். ஆர்டிஸ் அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

அவளிடம் இந்தச் சாமர்த்தியம் ஒருநாளில் வந்துவிடவில்லை. ஓரின் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினான். மூன்று பிள்ளைகள். அந்தச் சம்பளத்தில் ஐந்து வயிறு ஒருநாள்கூட வாடாமல் பார்த்துக்கொண்டவள் ஆர்டிஸ். ஒரு பவுண்டு கொத்துக்கறியில் ஓட்ஸைக் கலந்து இரண்டு ராத்திரிக்கு இழுப்பாள். காளான் சூப் டப்பாவைக் கவிழ்த்த பிறகு அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் பாத்திரத்தில் சேர்ப்பாள். காய்ந்துபோன ரொட்டி அவள் கையில் பொடியாகி ஹாட்டிஷின் மேல்பக்கத்தில் மொறுமொறுப்பாகிவிடும். செலரிக் கீரையின் அடிக்கட்டையைக்கூட எறிந்ததில்லை. கல்யாணமாகி வந்த புதுப்பெண்கள் அவளுக்கு போன் போட்டு, "ரெண்டு உருளைக்கிழங்கும் ஒரு டப்பா டூனா மீனும் இருக்கு, என்ன பண்றது?" என்று கேட்பார்கள். ஆர்டிஸ் போனை வைப்பதற்குள் அவர்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடு தயாராகியிருக்கும். இப்படிப்பட்டவளிடம் பேர் ஒட்டாத தட்டை அனுப்பிவிட்டுத் தப்பித்துவிடலாம் என்று நினைத்தவளை என்ன சொல்வது!

அடுத்த செவ்வாயும் தட்டு வந்தது. இந்தத் தடவை ஆர்டிஸ் நின்றுகொண்டே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். அரிசி, கோழி, காரட். அப்புறம் ஜாதிக்காய். அந்த ஊரில் ஹாட்டிஷில் ஜாதிக்காய் போடுகிற ஒரே பைத்தியம், மூன்று வீடு தள்ளி இருக்கிற மார்லிஸ். மார்லிஸின் புருஷன் லைல். லைலின் டிராக்டரைப் பழுதுபார்க்க உதவுகிறேன் என்றுதான் ஓரின் செவ்வாய்தோறும் காலையிலேயே கிளம்பிப் போகிறான்.

அன்றைக்கு ஓரின் வந்ததும் ஆர்டிஸ் அவன் கையைப் பார்த்தாள். நாள் முழுக்க டிராக்டரோடு மல்லுக்கட்டியவனுக்கு நகக்கண்ணில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. கை வெள்ளைவெளேரென்று இருந்தது. அவன் குளிக்கப் போனபோது பெல்ட்டை எடுத்துப் பார்த்தாள். இடுப்பை இறுக்க, ஆணியால் உள்ளே தள்ளிப் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தான்.

ஒரே ஒரு ராத்திரி அவள் வேறு பெண் விவகாரமோ என்றுகூட யோசித்தாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அறுபத்தாறு வயதில், அந்த மூஞ்சிக்கு எவள் வருவாள்? அப்படியே வந்தாலும், வந்தவள் பெண்டாட்டிக்கு ஹாட்டிஷா அனுப்புவாள்? சிரிப்பு அடங்கியதும் பயம்தான் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலையில் நேரே மார்லிஸ் வீட்டுக்குப் போனாள். மார்லிஸ் காபி ஊற்றினாள், கேக்குத் துண்டுகளை வைத்தாள், வானிலையைப் பேசினாள். ஆர்டிஸும் கொஞ்ச நேரம் வானிலை பேசினாள். அங்கே யாரும் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வர மாட்டார்கள்.

"ஜாதிக்காய் கொஞ்சம் தூக்கல்" என்றாள் ஆர்டிஸ்.

"எதுல?"

"உனக்குத் தெரியாதா?"

மார்லிஸ் எழுந்து போய், சுத்தமாக இருந்த பாத்திரத் தொட்டியை மறுபடி துடைத்தாள். "ராத்திரி பனி கொட்டும்ங்கறாங்க" என்றாள்.

"மார்லிஸ், உன் வீட்டு டிராக்டர் எங்க?"

"எந்த டிராக்டர்... ஓ, அதுவா. இருக்கு. கொட்டகையில இருக்கு."

"ஓடுதா?"

"இன்னொரு துண்டு எடுத்துக்கோ ஆர்டிஸ்."

ஆர்டிஸ் எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்த மார்லிஸ், சட்டென்று அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷப் பழக்கத்தில் அவர்கள் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டதே இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். நேருக்கு நேர் கேட்டால் ஓரின் நழுவிவிடுவான். சாப்பாட்டை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கடைக்குப் போய், தள்ளுபடிச் சீட்டு ஒட்டாத நல்ல மாட்டிறைச்சியாக முழுசாக ஒரு பெரிய துண்டு வாங்கினாள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தவிர அவள் வீட்டு ஓவனில் ரோஸ்ட் ஏறியதில்லை. சாதாரண நாளில் தட்டில் இரண்டு துண்டு ஹாம் கூடுதலாக விழுந்தாலே ஓரின், "என்ன, யாரு செத்தா?" என்று கேட்பான். முப்பத்தொன்பது வருஷமாக ஒரு தடவை விடாமல் கேட்டிருக்கிறான். இன்றைக்கும் கேட்டால் அவனுக்கு ஒன்றுமில்லை. அவள்தான் சந்தேகப் பிராணி. கேட்கவில்லை என்றால்... அதற்கு மேல் யோசிக்காமல் வெங்காயத்தை நறுக்கினாள்.

ஐந்தரைக்கு வீடு முழுக்க வாசனை. ஓரின் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் தலையைக் குனிந்து ஜெபம் சொன்னார்கள். ஆர்டிஸ் ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கடவுள் மன்னிப்பார்.

ஓரின் தலையை நிமிர்த்தினான். சுற்றிலும் காரட்டும் உருளைக்கிழங்குமாக நடுவில் பளபளக்கிற ரோஸ்ட்டைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

கேளு, கேளேன்டா, என்று ஆர்டிஸ் மனசுக்குள் கெஞ்சினாள்.

அவன் கேட்கவில்லை. "மார்லிஸ் சொல்லிட்டாளா?" என்றான்.

"யாரும் சொல்லல. இப்போ நீதான் சொன்ன."

ஓரின் முள்கரண்டியைத் தள்ளி வைத்தான். "வயித்துல கட்டி. ஆறு வாரம் ஆச்சு. செவ்வாக்கெழமை ஆஸ்பத்திரில மருந்து ஏத்தறாங்க, லைல்தான் கூட்டிட்டுப் போறான். வாயத் தொறக்கக் கூடாதுன்னு ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கினேன். அவ வாயத் தொறக்கல. தட்ட அனுப்பிட்டா."

"மூணு வீடு தள்ளி இருக்கறவளுக்குத் தெரியுது. உன்கூடப் படுக்கறவளுக்குத் தெரியல. வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவன் ரோஸ்ட்டைக் காட்டினான். "சொன்னா இது வரும்னு தெரியும். இன்னிக்கு வரும், நாளைக்கும் வரும். நீ எனக்கு நல்ல கறியா பாத்துப் பாத்துப் போடுவ. ஒவ்வொரு வாய்க்கும் நான் சாகப்போறவன்னு எனக்கு ஞாபகம் வரும். ஓட்ஸ் கலந்து ஏமாத்தறியே, அத திங்கற வரைக்கும் நான் சும்மா ஓரின்தானே. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே ஓட்டலாம்னு பாத்தேன்."

"ஓட்ஸ் கலக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் ஆர்டிஸ். பிள்ளைங்களுக்கே தெரியும்."

அவளுக்குக் கோபம் தாங்கவில்லை. அழுகையும் தாங்கவில்லை. எது முதலில் வரும் என்று தெரியாமல் எழுந்து நின்றாள். தட்டோடு ரோஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு போய், சூடு ஆறுவதற்குள்ளேயே அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, நாலு டப்பாக்களில் அடைத்து மூடினாள். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, ஓட்ஸ் கலந்து வைத்திருந்த கொத்துக்கறியை எடுத்து வாணலியில் போட்டாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளறினாள். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

"செவ்வாக்கெழமை லைல் வர வேண்டாம்" என்றாள் திரும்பாமலே. "நான் ஓட்டறேன்."

"பனியில நீ ஓட்டுவியா?"

"ஏன், பஸ் ஓட்டினா மட்டுந்தான் டிரைவரா?"

கறியைக் கொண்டுவந்து எப்போதும் போடுகிற அளவுக்குப் போட்டாள். கரண்டியின் விளிம்பால் வழித்துச் சமமாக்கிக்கூடப் போட்டாள். ஓரின் மெதுவாக மென்றான். பாதிகூட முடிக்கவில்லை. ஆனாலும் தட்டை அவள் பக்கம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் போடேன்."

ஆர்டிஸ் வாணலியைத் தன் பக்கம் இழுத்து மூடி வைத்தாள்.

"கெடையாது" என்றாள். "நாளைக்கு வேணும்."