அக்காவைச் சிநேகிதியாக்கிய கதை

ஒஸ்லோவில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, புத்தகம் பேச வரும் பெண்கள் கையோடு கம்பளி நூலும் கொண்டுவருவது. எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். இந்தக் குளிர்காலம் முழுக்கக் கிழக்காசிய நாவல்கள், நொர்வேஜிய மொழிபெயர்ப்பில். முதலில் ஒரு யப்பானியர். தன் குடியையும், மனைவியை அழவைத்ததையும், பெற்ற பிள்ளை தன்னை வெறுத்ததையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஊசிகளோ தம் பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஊரில் இப்படி ஒரு கதை காதில் விழுந்தால் அடுப்பில் கறி அடிப்பிடித்துவிடும்.

யப்பானில் இது ஒரு மரபு. ‘நான்-நாவல்’ என்று தனிப்பெயரே உண்டு. அடுத்து வாசித்த சீன நாவலிலும் ஒருவர் தன் வாழ்க்கையைத்தான் சொன்னார். ஆனால் அவருக்கு முன்னால் பாட்டன், பஞ்சம், போர் எல்லாம் வரிசையில் நின்றன. அவர் முகம் தெரியவே பாதிப் புத்தகம் போய்விட்டது. கொரிய நாவலில் ஒரு மகள் தன் கதையைத் தொடங்கி அம்மாவின் கதையாக முடித்தாள். மூன்று புத்தகத்தை வைத்து மூன்று நாட்டை அளக்கக்கூடாதுதான். என்றாலும் சீனமும் கொரியாவும் எனக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி இருந்தன. யப்பானைப் பார்த்துத்தான் பொறாமை வந்தது.

“உங்கள் ஆட்கள் எப்படி எழுதுவார்கள்?” என்று பெரித் கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்ல மனுஷி.

“பெயரை மாற்றிவிடுவோம். ஊரையும்தான்.”

“பயமா?”

“பயம்தான்.”

அவர் பின்னலை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவர் இலங்கை இராணுவத்தை நினைத்திருப்பார். நான் நினைத்தது பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் இருக்கும் என் அக்காவை.

அந்த வாரம்தான் என் சிறுகதை ஒரு தமிழ் இதழில் வந்திருந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் அக்காவும் ஒஸ்லோவின் ஓரத்தில் பியோர்ண்டாலில் ஓர் அறையில் இருந்தோம். இருவருக்கும் ஒரே குளிர் ஜக்கெற். விடியுமுன் அக்கா அதைப் போட்டுக்கொண்டு துப்புரவு வேலைக்குப் போவார். அவர் வந்து கழற்றித் தர, அந்தச் சூட்டோடு நான் போட்டுக்கொண்டு மொழி வகுப்புக்குப் போவேன். இன்று ஆளுக்கு நாலைந்து ஜக்கெற் தொங்குகின்றன. ஆனாலும் அந்தச் சூடு ஒன்றிலும் இல்லை.

அக்காவுக்குக் கனடாவில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருவதென்றால் சரிவராது என்று அவர் போனில் சொன்னார். “அப்ப எனக்கும் சரிவராது” என்று அக்கா போனை வைத்தார். பிறகு குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். இதைத்தான் எழுதினேன். ஆனால் பெயரை மாற்றி, யாழ்ப்பாணத்தை மன்னாராக்கி, அக்காவை என் சிநேகிதியாக்கிவிட்டேன். ஊரிலிருந்து வாசிக்கிற உங்களுக்கு ஒஸ்லோ பெரிய பட்டணமாகத் தெரியலாம். எங்களுக்கு அது ஒரு சாமத்தியவீட்டு மண்டபம் அளவுதான்; எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அக்காவுக்கு இன்று கணவர், மருமகன், சம்பந்தி வீடு எல்லாம் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி அக்கா அழைத்தார். பஸ்ஸில் ஒரே நினைப்புத்தான். இந்த நாட்டில் எனக்குத் தாய்வீடு என்று இருப்பது அக்காவின் வீடுதான். அந்தக் கதவும் அடைபட்டால் நான் எங்கே போவேன்? உள்ளே போனபோது மேசையில் இதழ் விரித்தபடி கிடந்தது.

“வாசிச்சனான்,” என்றார்.

“பேர், ஊர் எல்லாம் மாத்திப்போட்டன் அக்கா. ஒருத்தருக்கும் விளங்காது.”

“அதுதானடி எனக்குக் கோவம். நான் உனக்குச் சிநேகிதியே?”

“சனம் கதைக்கும் எண்டுதான்...”

“சனம் எப்பதான் கதைக்கேல்லை? இவருக்கு எல்லாம் சொல்லித்தான் கலியாணம் கட்டினனான்.” தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார். “அதை விடு. அவள் தனிய அழுதாள் எண்டு எழுதியிருக்கிறாய். ஆர் சொன்னது தனிய எண்டு? உனக்குக் கேக்கக்கூடாதெண்டு நான் தண்ணியைத் திறந்துவிட்டன். தண்ணிச் சத்தத்துக்கு மேலால நீ கதவுக்கு வெளியில நிண்டு விக்கி விக்கி அழுதது எனக்குக் கேட்டது. உன்னை ஏன் எழுதேல்லை?”

இதழை இழுத்து அந்த வரியைத் திரும்பப் பார்த்தேன். யப்பானியரின் துணிச்சலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள், அக்காவை மறைக்கப்போய் என்னையும் சேர்த்து மறைத்திருக்கிறேன்.

“திருப்பி எழுது,” என்றார். “என்ர பேரைப் போட்டு எழுது.”

எழுதுகிறேன். எங்கள் ஊர் மன்னார் இல்லை. அன்று குளியலறைக் கதவுக்கு உள்ளே நின்று அழுதவர் என் அக்கா யோகராணி. வெளியே நின்று அழுதவள் நான்.