பத்து நிமிடம் பிந்தி வந்த குரல்

போன மாரியில் மழைக்கோட்டு ஒன்று வாங்கலாமென்று வவுனியாவில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்து உதறினார். புது றெக்சின் மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் காதுக்குள் ஒரு சின்ன விசிறி சுற்றத் தொடங்கிவிட்டது. "அளவு போட்டுப் பாருங்கோ மிஸ்" என்றார். வேண்டாமென்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். நான் ஒரு காலத்தில் செவ்வாய்க் கிரகத்தில் வேலை செய்தவள். அந்தச் செவ்வாய் பூநகரிக்கு அப்பால், கடலேரிக் கரையோரத் தரவையில் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு உப்புப் பூத்த வெறுந்தரை. ஒரு பற்றைகூட இல்லை. அங்கே இரண்டு கொள்கலன்களை ஒட்டவைத்து, வெள்ளை அடித்து, ஆறு கிழமை மூன்று பேர் உள்ளே இருந்தோம். மனிதர் செவ்வாய்க்குப் போனால் எப்படி வாழ்வார்கள் என்று பார்க்கும் ஒத்திகை. ரூபன் அண்ணா பொறியியலாளர், குழுத் தலைவர். ஷிபானா முல்லைத்தீவு மருத்துவர். நான் உயிரியல் படித்து முடித்த கையோடு போனவள். உப்புத்தரையில் உயிர் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று சுரண்டிப் பார்ப்பது என் வேலை.

விண்வெளி உடை என்று நாங்கள் பெருமையாகச் சொன்னது மழைக்கோட்டுத் துணியில் தைத்த ஒரு தொளதொளப்பு. தலைக்கு மூடி. மூடிக்குள் மூச்சு முட்டாமலிருக்கக் கணினியிலிருந்து கழற்றிய விசிறி. அது சுற்றும்போது வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காது. சாப்பாடு முக்கால்வாசி நாளும் ரின்னில் அடைத்த மீனும் புட்டும்தான். குளிப்புக்கு ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர். ஷிபானா தொழுகைக்கு ஆயத்தமாகும்போது, "செவ்வாயிலை எந்தப் பக்கம் பாத்துத் தொழுவியள்?" என்று ரூபன் அண்ணா ஒருநாள் கேட்டார். "பூமி நிக்கிற பக்கம்" என்றா அவா, யோசிக்காமல்.

இரண்டு விதிகளை ரூபன் அண்ணா கதவிலேயே ஒட்டியிருந்தார். ஒன்று, செவ்வாயில் வேறு மனிதர் கிடையாது. எங்கள் இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்று எல்லைக்கு வெளியே யாராவது வந்தால் கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மற்றது, பேச்சுத் தாமதம். செவ்வாயிலிருந்து பூமிக்குக் குரல் போய்ச்சேர நேரம் எடுக்குமல்லவா? அதற்காக ஒரு கணினி எங்கள் பேச்சைப் பத்து நிமிடம் பிடித்துவைத்து விடும். எங்களுக்குள் பேசவும் அந்தக் கணினி வழியாகப் போகும் அதே வானொலி இணைப்புத்தான். ஆகவே நான் வெளியே நின்று "கரண்டியை மறந்துபோனன்" என்று சொன்னால், கூப்பிடு தூரத்திலிருந்த ரூபன் அண்ணாவுக்கே அது பத்து நிமிடம் கழித்துத்தான் கேட்கும். அதற்குள் நானே வந்து கரண்டியை எடுத்துப் போயிருப்பேன்.

இரண்டாம் கிழமை அந்த வட்டத்தைக் கண்டேன். வெள்ளைத் தரையில் பச்சைக் கருமையாய், கவராயத்தால் கீறியதுபோல ஒரு வட்டம். சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பாசி. தினமும் காலையில் அதன்மேல் குந்தியிருந்து மாதிரி எடுத்தேன். செவ்வாயில் உயிரைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

அதே நாட்களில்தான் அந்த மனிதரையும் கண்டேன். கயிற்றுக்கு அப்பால் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். ஐம்பது வயதிருக்கும். வாய் அசையும், சத்தம் வராது. நான் கைகளைக் குறுக்கே காட்டுவேன். வேலையை முடித்துத் திரும்பிப் பார்த்தால் வெறுந்தரை. என்னோடு வெளியே வரும் ஷிபானாவிடம் கேட்டேன்.

"நான் ஒருத்தரையும் காணேல்லை. நித்திரை கொள்ளுறனீங்களா?" என்று என் நாடியைப் பிடித்துப் பார்த்தா.

அவாவோ குனிந்து குடுவைகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருப்பவா. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்குத்தான் ஏதோ பிசகிவிட்டது என்று நினைத்தேன். ரூபன் அண்ணாவிடம் சொன்னதற்கு, "செவ்வாயிலை ஆக்கள் இல்லைப் பிள்ளை. நாட்குறிப்பிலை எழுதிப்போடாதை" என்றார். அதன்பிறகு அந்த மனிதர் இருக்கும் பக்கமே பார்க்காமல் வேலை செய்யப் பழகினேன். முதுகு மட்டும் கூசிக்கொண்டே இருக்கும்.

நான்காம் கிழமை ஷிபானாவுக்குக் காய்ச்சல். தனியே போகக்கூடாதுதான். கண்ணெதிரே தெரிகிற வட்டம்தானே என்று போய்விட்டேன். நடுவில் குந்தியதும் தரை மெத்தைபோல ஒருமுறை தாழ்ந்தது. எழும்ப முதல் கால்களுக்குக் கீழே ஒன்றுமில்லை. மார்புவரை இறங்கி, முழங்கைகளால் விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன். கால்கள் தண்ணீரில். "ரூபன் அண்ணா! விழுறன்!" என்று கத்தினேன். கத்தும்போதே தெரியும், அந்தக் குரல் இன்னும் பத்து நிமிடத்துக்கு எங்கேயும் போகாது.

இரண்டு கைகள் என் கக்கத்தைப் பிடித்தன. மூடிக் கண்ணாடி முழுவதும் சேறு. யாரென்று தெரியவில்லை. இழுத்து வெளியே போட்டு, தோளைப் பிடித்துக் கொள்கலன் வாசல்வரை கொண்டுவந்து விட்டன அந்தக் கைகள். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது வாசலில் ஒருவருமில்லை.

உள்ளே போய் ரூபன் அண்ணாவுக்கும் ஷிபானாவுக்கும் முன்னால் சேறு வடியக் கதிரையில் இருந்தேன். என்ன நடந்தது என்று அவர்கள் கேட்க வாயெடுக்கும்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"ரூபன் அண்ணா! விழுறன்!"

என் குரல். நான் கதிரையில் இருக்கிறேன், அங்கே இன்னும் விழுந்துகொண்டிருக்கிறேன். பிறகு, மூச்சிரைக்க இன்னொரு குரல். ஒலிவாங்கி உடைக்கு வெளியே குத்தியிருந்ததால், விசிறிச் சத்தத்தில் நான் கேட்காததையெல்லாம் அது கேட்டிருக்கிறது. "ஆடாதை பிள்ளை, ஆடாதை. நான் எத்தினைநாள் கத்தினனான், அது கிணறு எண்டு. அதிலை நில்லாதை எண்டு."

ஷிபானா ரூபன் அண்ணாவைப் பார்த்தா.

"எத்தினைநாள் எண்டுதானே சொல்லுறார்? உங்களுக்கு முந்தியும் கேட்டதா?"

"கேட்டது" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "தெளிவில்லை. ஆரோ கத்துற மாதிரி. வெளிச்சத்தம் எண்டு பதிவிலையிருந்து வெட்டிப்போட்டன்."

விதி ஒட்டியிருந்த கதவை ஷிபானாதான் திறந்தா. காய்ச்சலோடு, விண்வெளி உடையுமில்லாமல் வெயிலுக்குள் ஓடினா. கயிற்றடியில் அந்த மனிதர் தன் இடுப்புச் சறத்திலிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டு நின்றார். பெயர் அருளப்பு. அந்த இடம் அவருடைய வீடு இருந்த வளவு. சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போகும்போது ஆடுமாடு விழுந்துவிடுமென்று கிணற்றின்மேல் பனங்குற்றிகளை அடுக்கி மண் போட்டு மூடியவர் அவரே.

"ஒரு கிழமையிலை திரும்பி வந்திடுவம் எண்டுதான் மூடினனான்" என்றார். "குற்றி எல்லாம் உக்கியிருக்கும். நான் மூடின மூடியிலை ஒரு பிள்ளை செத்துப்போனால் நான் என்ன செய்யிறது?"

"பிறகேன் உள்ளுக்கு வரேல்லை, ஐயா?" என்று கேட்டேன்.

"கயிறு கட்டியிருந்தது. நீங்களும் கையைக் குறுக்கை காட்டினியள். கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் எண்டு நினைச்சன்."

அன்றோடு எங்கள் செவ்வாய் முடிந்தது. மிச்ச இரண்டு கிழமையை ரூபன் அண்ணாவே வேண்டாமென்றார். அவர் அருளப்புவின் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றது நினைவிருக்கிறது.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். கொள்கலன்கள் இல்லை. தரவை முழுவதும் கறுப்புப் பொலித்தீன் விரித்த இறால் தொட்டிகள். வட்டம் எங்கே, வளவு எங்கே, ஒன்றும் மட்டுப்பிடிக்க முடியவில்லை. அருளப்பு எங்கே போனார் என்று சொல்லவும் யாருமில்லை. வாயிலில் நின்ற காவலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரைத் தேடுறியள், அக்கா?"

"இதிலை முந்தி இருந்த ஆக்களை."

"இதிலையோ? இது வெறுந்தரை அக்கா. ஒருகாலமும் ஒருத்தரும் இருக்கேல்லை."

"இருந்தவை" என்றேன். "அவையின்ரை கிணத்துக்குள்ளை நான் விழுந்தனான்."

அவர் என் கால்கள் நிலத்தில் படுகின்றனவா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு வாயிற்கதவை இழுத்துச் சாத்தினார்.